தனியாகச் சாகத் தெரிந்த பெட்டி

என் மேசைக்கு அடியில் செத்துப்போன இரண்டு எஸ்.எம்.பி.எஸ் பெட்டிகள் கிடக்கின்றன. சுவர் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டாக இறக்கிக் கம்ப்யூட்டருக்குக் கொடுப்பவை இவை. பவர் சப்ளை என்று எழுதினால் நாகரிகமாக இருக்கும். ஆனால் கம்ப்யூட்டரைக் கழற்றி மாட்டிப் பழகியவர்கள் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. ஒன்றை இரண்டே விரலில் தொங்கவிட்டுத் தூக்கிவிடலாம். மற்றதற்கு உள்ளங்கை முழுசாக வேண்டும். அளவில் இரண்டும் ஒன்றுதான். ஸ்டிக்கரில் போட்டிருக்கும் வாட்டிலும் பெரிய வித்தியாசம் இல்லை. லேசானதில் 500, கனமானதில் 550.

லேசானது சாகும்போது மதர்போர்டையும், யூஎஸ்பியில் செருகியிருந்த ஒரு ஹார்ட் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போனது. கனமானது ஒன்பது வருஷம் உழைத்துவிட்டுத் தான் மட்டும் செத்தது. எந்த எஸ்.எம்.பி.எஸ் வாங்கலாம் என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த இரண்டு சாவுகள்தான். எப்படி ஓடும் என்று எல்லோரும் பார்க்கிறார்கள். எப்படிச் சாகும் என்று பார்ப்பவர் குறைவு.

லேசானது நான் தேர்ந்தெடுத்து வாங்கியதல்ல. கேபினட் வாங்கியபோது உள்ளேயே மாட்டி வந்தது. பிராசஸருக்கு இரண்டு வாரம் யோசித்தேன், ராம் வேகத்துக்கு ஒரு நாள் முழுக்கப் படித்தேன், இதற்கு ஒரு நிமிஷம்கூடச் செலவழிக்கவில்லை. 500 என்று போட்டிருக்கிறதே, போதாதா?

இரண்டு வருஷம் ஒழுங்காக ஓடியது. பிறகு கேம் ஆடும்போது திடீரென ரீஸ்டார்ட் ஆக ஆரம்பித்தது. நீலத் திரை கிடையாது, எச்சரிக்கை கிடையாது. யாரோ பிளக்கைப் பிடுங்கிச் செருகியது போல அணைந்து எழும். ராமைச் சந்தேகப்பட்டு மாற்றினேன். விண்டோஸை அழித்து மறுபடி ஏற்றினேன். கிராபிக்ஸ் கார்டின் டிரைவரைப் பழையதாக்கிப் பார்த்தேன், புதியதாக்கிப் பார்த்தேன். மற்ற பாகங்கள் கெட்டால் தன் பெயரிலேயே கெடும். எஸ்.எம்.பி.எஸ் கெட்டால் ஊர்ப் பழி எல்லாம் மற்றவர் தலையில் விழும். நானும் ஐந்து மாதம் அப்படித்தான் அலைந்தேன்.

ஒரு காலையில் கம்ப்யூட்டர் எழவே இல்லை. வெடிக்கவில்லை, புகை இல்லை, நாற்றம்கூட இல்லை. முந்தின இரவு முறையாக ஷட்டௌன் செய்துவிட்டுத்தான் படுத்தேன். அணைத்து வைத்திருந்த கம்ப்யூட்டர் எப்படிச் செத்தது என்று விளங்காமல், எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் தெரிந்த அண்ணன் ஒருவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். எஸ்.எம்.பி.எஸ்ஸை மட்டும் வெளியே எடுத்து, 24 பின் கனெக்டரின் ஊதா வயரில் மல்டிமீட்டரை வைத்தார். 9 வோல்ட் காட்டியது.

“இங்கே எவ்வளவு இருக்கணும் தெரியுமா தம்பி? அஞ்சு.”

அந்த ஊதா வயர்தான் ஸ்டாண்ட்பை லைன். கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும், பின்னால் சுவிட்ச் போட்டிருக்கும்வரை அதில் 5 வோல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். பவர் பட்டனை அழுத்தினால் மதர்போர்டு உணர்வது அதை வைத்துத்தான். பல போர்டுகளில் யூஎஸ்பி போர்ட்டுக்கும் அதிலிருந்தே மின்சாரம் போகும். மலிவான பழைய வடிவமைப்புகளில் இந்த ஸ்டாண்ட்பை சர்க்யூட் இரண்டு டிரான்சிஸ்டர்களையும், நகக்கண் அளவில் ஒரு கெபாசிட்டரையும் (மின்சாரத்தைச் சற்றே தேக்கி வைக்கும் பாகம்) நம்பி நிற்கும். பக்கத்தில் சூடான பாகங்கள். வருஷக்கணக்கில் இருபத்து நாலு மணி நேரமும் வெந்து அந்தக் கெபாசிட்டர் உள்ளே காய்ந்துபோகும். காய்ந்ததும் கட்டுப்பாடு தவறும், வோல்ட்டேஜ் ஏறும். ஏறினால் வெட்டிவிட அந்த லைனில் காவல் எதுவும் வைத்திருக்கவில்லை. மதர்போர்டு ராத்திரி முழுக்க 9 வோல்ட் குடித்திருக்கிறது. கூடவே, யூஎஸ்பியிலேயே விட்டிருந்த பேக்கப் டிஸ்க்கும். கேபினட்டுக்குள் இருந்த ஒரிஜினல் டிஸ்க் பிழைத்துக்கொண்டது, காப்புக்கு எடுத்து வைத்த நகல் போய்விட்டது. இன்றுவரை பேக்கப் எடுத்ததும் வயரைக் கழற்றி அலமாரியில் வைக்கிறேன்.

அண்ணன் பெட்டியின் நான்கு திருகுகளைக் கழற்றி மூடியைத் திறந்தார். அவசரப்பட்டு நீங்கள் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பெரிய கெபாசிட்டரில் முந்நூறு, நானூறு வோல்ட் தங்கியிருக்கலாம். அதை முறையாக வெளியேற்றிய பிறகுதான் அவர் கையை வைத்தார்.

உள்ளே பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. மின்சாரம் நுழையும் இடத்தில் இரைச்சலை வடிகட்டும் சுருள்கள் இருக்க வேண்டும். அவற்றுக்கான படம் போர்டில் வெள்ளை மையில் அச்சாகியிருந்தது, துளைகளும் இருந்தன, சுருள்கள் இல்லை. அதற்குப் பதில் இரண்டு வெறும் கம்பிகளை வளைத்துச் சால்டர் செய்திருந்தார்கள். வெளியே போகும் வயர்கள் மெல்லியவை. சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் என்ற பெயரில் அலுமினியத் தகடு ஒன்று, வடாம் கனம்கூட இல்லை. 12 வோல்ட் பக்கத்தில் வரிசையாக நின்ற கெபாசிட்டர்களில் மூன்றின் தலை, பூரி உப்புவது போல உப்பியிருந்தது. ஐந்து மாத ரீஸ்டார்ட்டுக்குக் காரணம் அந்த மூன்றுதான். வோல்ட்டேஜில் எழும் அலையை அமுக்குவது அவற்றின் வேலை. தலை உப்பினால் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

அந்த அலைக்கு ரிப்பிள் என்று பெயர். கம்ப்யூட்டர் எஸ்.எம்.பி.எஸ்களுக்கான ஏடிஎக்ஸ் என்ற பொது வரையறைப்படி 12 வோல்ட் லைனில் அது 120 மில்லிவோல்ட்டைத் தாண்டக் கூடாது, 5, 3.3 வோல்ட் லைன்களில் 50. மல்டிமீட்டரில் இது தெரியாது. மீட்டர் சராசரியைத்தான் காட்டும், அலையைப் பார்க்க ஆசிலாஸ்கோப் வேண்டும். எனக்கு ரீஸ்டார்ட் தொல்லை இருந்த நாட்களில் மதர்போர்டின் பயாஸ் திரையில் 12 வோல்ட் லைன் 11.9 என்றுதான் காட்டிக்கொண்டிருந்தது. 11.4 முதல் 12.6 வரை அனுமதி உண்டு என்பதால், எஸ்.எம்.பி.எஸ் நன்றாகத்தான் இருக்கிறது என்று நானே சான்றிதழ் கொடுத்துவிட்டேன்.

பிறகு அண்ணன் ஸ்டிக்கரைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். இதை மட்டும் தெரிந்துகொண்டு போனாலும் மோசமான பெட்டிகளில் பாதியைக் கடையிலேயே கழித்துவிடலாம். பெரிய எழுத்தில் இருக்கும் வாட்டை விட்டுவிடுங்கள். அட்டவணையில் 12 வோல்ட் கட்டத்துக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதை 12 ஆல் பெருக்குங்கள். என் பெட்டியில் 18 ஆம்பியர், பெருக்கினால் 216 வாட். 5 வோல்ட்டில் 30 ஆம்பியர், 3.3 வோல்ட்டில் 28 ஆம்பியர் என்று அள்ளிக் கொடுத்திருந்தார்கள், அங்கே ஒரு 240 வாட். மிச்சத்தைச் சில்லறை லைன்களில் கூட்டி 500 ஆக்கியிருந்தார்கள்.

பிரச்சினை என்னவென்றால், அந்த 240 வாட்டைச் சாப்பிட இன்றைய கம்ப்யூட்டரில் ஆள் இல்லை. ஒரு காலத்தில் பிராசஸரே 5 வோல்ட் லைனிலிருந்து வாழ்ந்தது. 2000இல் வந்த ஏடிஎக்ஸ்12வி வரையறை பிராசஸருக்கென்று தனியாக 4 பின் 12 வோல்ட் கனெக்டரைக் கொண்டுவந்தது. அதிலிருந்து பாரம் மெல்ல மெல்ல 12 வோல்ட்டுக்கு நகர்ந்துவிட்டது. இப்போது பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு, ஃபேன் எல்லாம் 12 வோல்ட்தான். வேண்டிய சின்ன வோல்ட்டேஜை மதர்போர்டும் கார்டும் தங்களிடமே இறக்கிக்கொள்கின்றன. ஆக, நான் வைத்திருந்தது 500 வாட் பெயர்ப்பலகை மாட்டிய 216 வாட் பெட்டி. கனமானதன் ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு 45 ஆம்பியர் இருக்கிறது. 540 வாட். மொத்தமே 550 எனும்போது ஏறக்குறைய முழுசும் வேண்டிய இடத்தில் கிடைக்கிறது.

ஸ்டிக்கரும் பொய் சொல்லலாம், அது வேறு கதை. ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன்: மோசமான பெட்டிகளில் பல, ஸ்டிக்கரிலேயே உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகின்றன, நாம்தான் படிப்பதில்லை. பின்பக்கம் 115, 230 என்று மாற்றும் சின்னச் சிவப்பு சுவிட்ச் இருந்தால் அதுவும் ஒரு வாக்குமூலம்தான். ஆக்டிவ் பிஎஃப்சி (சுவரிலிருந்து மின்சாரம் இழுப்பதைச் சீராக்கும் சர்க்யூட்) வைத்த பெட்டிகள் பொதுவாக 100 முதல் 240 வோல்ட் வரை தாமே சமாளிக்கும், சுவிட்ச் தேவைப்படாது. சுவிட்ச் இருக்கிறதென்றால் உள்ளே இருப்பது பழைய சரக்கு. (115இல் வைத்து 230இல் செருகினால் என்ன ஆகும் என்பதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.)

அடுத்து எல்லோரும் கேட்பது கோல்டா, பிரான்ஸா என்று. அவை 80 பிளஸ் என்ற திறன் சான்றின் தரங்கள். அந்தச் சான்று 2004இல் வந்தது. அது முக்கியமாக அளப்பது ஒன்றுதான், உள்ளே போகும் மின்சாரத்தில் எவ்வளவு வெளியே வருகிறது என்பது. 300 வாட் தேவைப்படும்போது 80 சதவீதத் திறன் உள்ள பெட்டி சுவரிலிருந்து 375 வாட் இழுத்து 75 வாட்டைச் சூடாக வீணாக்கும். 90 சதவீதப் பெட்டி 333 இழுத்து 33ஐ வீணாக்கும். கோல்டுக்கு, 115 வோல்ட்டில், 20, 50, 100 சதவீதப் பாரத்தில் முறையே 87, 90, 87 சதவீதம் வர வேண்டும். சூடு குறைந்தால் கெபாசிட்டர் நீடிக்கும், ஃபேன் மெதுவாகச் சுற்றும். நல்ல விஷயம்தான். ஆனால் ரிப்பிள் எவ்வளவு, ஷார்ட் ஆனால் அணையுமா, ஸ்டாண்ட்பை லைன் ஏறினால் வெட்டுமா என்று அந்தச் சான்று கேட்பதே இல்லை. சோதனையும் 23 டிகிரி செல்சியஸ் அறையில் நடக்கிறது. கேபினட்டுக்குள் அந்தக் குளிர்ச்சி யாருக்குக் கிடைக்கிறது?

அதற்காகச் சான்றைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். நான் முதலில் வாங்கிய மாதிரியான அரைகுறை சர்க்யூட்டை வைத்துக்கொண்டு கோல்டு தொடவே முடியாது. அதற்கு எல்எல்சி போன்ற, சூடாக வீணாவதைக் குறைக்கும் நல்ல வடிவமைப்பும், 12 வோல்ட்டை மட்டும் முதலில் உண்டாக்கி அதிலிருந்து 5ஐயும் 3.3ஐயும் தனியாக இறக்கும் ஏற்பாடும் பெரும்பாலும் தேவைப்படும். அப்படிப் பிரித்து வைத்தால் ஒரு லைனில் பாரம் கூடும்போது இன்னொன்று ஆடாது. ஆக கோல்டு என்பது மறைமுகமான ஒரு நல்ல அறிகுறி. அடையாள அட்டை மாதிரி. ஆள் யாரென்று தெரியும், குணம் தெரியாது. நான் பிரான்ஸுக்குக் கீழே இறங்குவதில்லை. பிளாட்டினம், டைட்டானியத்துக்கு ஏறுவதும் இல்லை, அந்தக் கூடுதல் காசை கிராபிக்ஸ் கார்டில் போடலாம். சைபெனெடிக்ஸ் என்று இன்னொரு சான்றும் இருக்கிறது. அது திறனோடு சத்தத்தையும் தனியாக அளந்து தரம் பிரிக்கிறது. ராத்திரியில் வேலை செய்கிறவர்களுக்கு அது உபயோகம்.

குணம் தெரிய வேண்டுமானால் காவல் ஏற்பாடுகளைப் பார்க்க வேண்டும். வோல்ட்டேஜ் ஏறினால் வெட்டுவது, இறங்கினால் வெட்டுவது, ஒரு லைனில் அளவுக்கு மீறிக் கரண்ட் போனால் வெட்டுவது, மொத்தப் பாரம் தாங்காமல் போனால் வெட்டுவது, ஷார்ட் ஆனால் வெட்டுவது, வெந்தால் வெட்டுவது. அட்டைப்பெட்டியில் இவை வரிசையாக அச்சாகியிருக்கும். அச்சாகியிருப்பது ஒன்று, எந்த அளவில் விழிக்கும்படி வைத்திருக்கிறார்கள் என்பது வேறு. 40 ஆம்பியர் லைனுக்குக் காவலை 70இல் வைத்தால் காவலாளி இருந்தும் பிரயோஜனமில்லை.

கனமான பெட்டியின் சாவு இதற்கு நேர்மாறாக இருந்தது. ஒரு நாள் பட்டனை அழுத்தினேன். ஃபேன் கால் சுற்று அசைந்து நின்றது. மறுபடி அழுத்தினேன், மறுபடி கால் சுற்று. அவ்வளவுதான். அண்ணன் திறந்து பார்த்து, 12 வோல்ட் பக்கம் ஒரு மாஸ்ஃபெட் (மின்சாரத்தைத் திறந்து மூடும் ஒரு வகை டிரான்சிஸ்டர்) ஷார்ட் ஆகியிருக்கிறது என்றார். பெட்டி ஒவ்வொரு முறை எழும்போதும் ஷார்ட்டைக் கண்டு, ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் தன்னையே அணைத்துக்கொண்டிருக்கிறது. புதியதை மாட்டினேன். பழைய போர்டு, பழைய டிஸ்க், பழைய கார்டு, எல்லாம் ஒன்றுமே நடக்காதது போல எழுந்து வந்தன.

இந்தக் குணத்தைக் கடையில் நின்று கண்டுபிடிக்க வழி கிடையாது. பாரம் ஏற்றும் கருவியும் ஆசிலாஸ்கோப்பும் வைத்து, சூடான பெட்டிக்குள் ஓடவிட்டு, காவல் எந்த ஆம்பியரில் விழிக்கிறது என்று சோதித்தவர்களின் ரிவ்யூவைப் படிப்பதுதான் ஒரே வழி. அட்டையைப் பிரித்து ஃபேனைச் சுற்றிக் காட்டி கேபிள் அழகாக இருக்கிறது என்று முடிக்கும் வீடியோக்கள் இந்தக் கணக்கில் வராது. படிக்கும்போது மாடல் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஒரே பெயரை வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மாற்றிவிடுவது இந்தத் தொழிலில் சகஜம்.

“எந்த பிராண்ட் நல்லது?” என்ற கேள்வி உதவாததற்கும் அதுதான் காரணம். பல பிராண்டுகள் எஸ்.எம்.பி.எஸ் தயாரிப்பதே இல்லை. சீசானிக், சூப்பர் ஃபிளவர், சிடபிள்யூடி, எஃப்எஸ்பி, டெல்டா, கிரேட் வால் போன்றவர்களிடம் செய்து வாங்கித் தம் ஸ்டிக்கரை ஒட்டிக்கொள்கிறார்கள். ஒரே பிராண்டின் மேல்வரிசையும் கீழ்வரிசையும் வேறு வேறு தொழிற்சாலையிலிருந்து வந்திருக்கலாம். ஆகவே பிராண்ட் அல்ல, மாடல். ரிவ்யூ எதுவும் கிடைக்காத மாடல் என்றால் நான் வாரண்டியைப் பார்ப்பேன். பத்து வருஷம் கொடுக்கிறவன் கெபாசிட்டரில் கஞ்சத்தனம் செய்திருக்க மாட்டான், செய்திருந்தால் அவனுக்கே நஷ்டம். கெபாசிட்டரில் நிச்சிகான், ரூபிகான், நிப்பான் கெமிகான் போன்ற ஜப்பான் பெயர்களும் 105 டிகிரி என்ற எண்ணும் இருந்தால் நல்லது. 85 டிகிரிச் சரக்கு ஒதுக்கத் தக்கது. எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டரின் ஆயுள், சூடு 10 டிகிரி ஏறினால் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொதுக்கணக்கு.

எத்தனை வாட் என்பதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. பிராசஸருக்கு 120, கார்டுக்கு 220, மிச்சத்துக்கு 60 என்றால் 400; அதற்கு நல்ல 550 அல்லது 650 போதும். 1000 வாட் வாங்கிவைத்தால் கம்ப்யூட்டர் வேகமாக ஓடாது. ஒரு எச்சரிக்கை மட்டும்: புதிய கிராபிக்ஸ் கார்டுகள் சராசரியில் 300 வாட் என்றாலும், கண்ணிமைப்பதைவிடக் குறைந்த நேரத்துக்கு அதைப் போல ஒன்றரை, இரண்டு மடங்கு எகிறும். 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 வரையறை இதற்காகவே எழுதப்பட்டது போல இருக்கும். பெட்டியின் அளவைப் போல இரண்டு மடங்கை 100 மைக்ரோ நொடிக்குத் தாங்க வேண்டும் என்கிறது அது. பெரிய கார்டு போடுகிறவர்கள் ஏடிஎக்ஸ் 3 என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

அந்தக் கார்டுகளோடு வந்த 16 பின் கனெக்டர் 600 வாட் வரை தாங்கும்படி வடிவமைத்தது. 2022 கடைசியில் அது உருகிய படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. முழுசாக உள்ளே போகாமல் அரைகுறையாகச் செருகியிருந்தது ஒரு காரணம் என்று பிறகு தெரிந்தது. அடுத்த வருஷம் வந்த திருத்திய வடிவத்தில், ஒழுங்காகச் செருகாவிட்டால் கார்டு எழாதபடி, செருகியிருக்கிறதா என்று உணரும் பின்களைக் குட்டையாக்கினார்கள். எப்படியிருந்தாலும் அழுத்திச் செருகி, இடைவெளி தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய 8 பின் கனெக்டருக்கு அளவு 150 வாட், 6 பின்னுக்கு 75. கார்டில் இரண்டு 8 பின் இருந்தால் இரண்டு தனிக் கேபிள் போடுங்கள். ஒரே கேபிளில் இரட்டைத் தலை இருக்கிறதே என்று சோம்பல்பட வேண்டாம்.

கேபிள் என்றதும் ஒன்று. மாடுலர் பெட்டிகளில் கேபிளைக் கழற்றி மாட்டலாம். கார்டு பக்கம், டிஸ்க் பக்கம் இருக்கும் கனெக்டருக்கு ஒரே வரையறை உண்டு. எஸ்.எம்.பி.எஸ் பக்கம் இருக்கும் சாக்கெட்டுக்கு அப்படி எதுவும் கிடையாது. எந்த ஓட்டையில் 12 வோல்ட், எதில் 5 வோல்ட் என்பது அவரவர் இஷ்டம். நண்பர் ஒருவர் பெட்டியை மட்டும் மாற்றி, டிஸ்க்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் பழைய சாட்டா கேபிள்களை அப்படியே விட்டுவிட்டார். பொருத்தமாகத்தான் உட்கார்ந்தன. மூன்று டிஸ்க்கும் போயின. அதில் பெட்டியின் தப்பு எதுவும் இல்லை. சொன்ன இடத்தில் சொன்ன வோல்ட்டைத்தான் அது கொடுத்தது.

புதிய பெட்டி வந்த அன்று, உபயோகிக்காத கேபிள்களை ஒரு பையில் போட்டு, பையின் மேல் மாடல் பெயரை மார்க்கரில் எழுதி வைத்தேன். கனமான பழைய பெட்டியிலிருந்து அண்ணன் ஃபேனையும் ஹீட் சிங்க்கையும் சில கெபாசிட்டர்களையும் கழற்றிக்கொண்டார். இன்னும் நாள் ஓடும் என்றார். லேசானதைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார். “இதுல எடுக்க ஒண்ணுமில்ல தம்பி.” அதை கேபினட்டோடு பிடித்து வைத்திருந்த நான்கு திருகுகள் மட்டும் துருப்பிடிக்காமல் இருந்தன. இப்போது புதியதைப் பிடித்துக்கொண்டிருப்பவை அவைதான்.